ஃபான் நோலி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அல்பேனிய ஆயர் ஃபான் நோலியைப் பற்றிப் போன வாரம் ஓரிரு வரி எழுதியிருந்தீர்கள். ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு விசுவாசம் ஒன்று, சடங்கும் ஒன்று. பிறகு எதற்கு நாட்டுக்கு நாடு தனிச்சபை? நோலி பிரதமராகவும் இருந்திருக்கிறார். அங்கி போட்ட தேசியவாதி என்றே எனக்குப் படுகிறது. வழிபாட்டுக்குள் மொழிவெறியைக் கொண்டுவந்தவரை ஏன் மதிக்கிறீர்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பல்கேரியர்கள் தனிச்சபை கண்டபோது, 1872இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்களின் மாமன்றமும் இதையேதான் சொன்னது. இனத்தை வைத்துச் சபையைப் பிரிக்கும் கொள்கையையே அது கண்டித்தது. அதில் நியாயம் உண்டு. ஒரே ஊரில் இனத்துக்கொரு ஆயர் என்று கிளம்பினால் சபை நிற்காது. ஆனால் நோலியின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது.

உஸ்மானியப் பேரரசு குடிமக்களை மதத்தைக் கொண்டே பிரித்து ஆண்டது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் வீட்டில் எந்த மொழி பேசினாலும் சபைத் தலைவரான கான்ஸ்டான்டிநோபிள் மறைமுதுவரின் கீழ்தான் வருவார். திருமணமும் பள்ளிக்கூடமும் சபையின் கையில் இருந்தன. ஆர்த்தடாக்ஸ் அல்பேனியர்களுக்குப் பூசையும் கிரேக்க மொழியில், படிப்பும் கிரேக்க மொழியில். தன் ஊர்க் கோயிலில் அல்பேனிய மொழியில் வழிபாடு நடத்திய பாபா கிறிஸ்டோ நெகோவானி என்ற குரு 1905இல் கொல்லப்பட்டார். கொன்றது கிரேக்க ஆயுதக்குழு.

நோலி 1882இல் கிழக்குத் திரேஸில், அதாவது இன்றைய துருக்கியின் ஐரோப்பியப் பகுதியில், ஓர் அல்பேனியக் குடியேற்றக் கிராமத்தில் பிறந்தவர். கிரேக்கப் பள்ளியில் படித்து, எகிப்தில் கிரேக்க மொழி ஆசிரியராக இருந்து, கோயிலில் பாடகராகவும் இருந்துவிட்டு 1906இல் அமெரிக்கா போனார். மறுவருடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹட்சன் நகரில் கிறிஸ்டாக் டிஷ்னிட்சா என்ற அல்பேனிய இளைஞர் இறந்தார். அவர் அல்பேனிய தேசியவாதி, ஆகவே சபைக்குப் புறம்பானவர் என்று சொல்லி அடக்கச் சடங்கு செய்ய கிரேக்கக் குரு மறுத்துவிட்டார். பிழைக்க வந்த நாட்டில் கூலித்தொழிலாளர் கூட்டமொன்று தங்களில் ஒருவனின் உடலை வைத்துக்கொண்டு, மந்திரம் சொல்ல ஆளில்லாமல் நின்றது. நீங்கள் மொழிவெறி என்று சொல்வது இங்கேதான் பிறந்தது, எஸ். அதற்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நோலி புதிய மதம் எதையும் தொடங்கவில்லை. நியூயார்க்கில் ரஷ்யப் பேராயர் பிளாட்டனிடம் போய், 1908 மார்ச்சில் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். அதே மாதம் 22ஆம் தேதி பாஸ்டனில் ஒரு வாடகை மண்டபத்தில் அல்பேனிய மொழியில் பூசை வைத்தார். அதே விசுவாசம், அதே சடங்கு. வந்தவர்களுக்கு அன்று அது புரிந்தது.

தேசியவாதி என்கிறீர்கள். ஆம், தேசியவாதிதான். ஆனால் அன்றைய அல்பேனியாவில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அங்கே தேசமும் சபையும் ஒன்று என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1912இல் அமெரிக்க அல்பேனியர்களின் வத்ரா அமைப்பை நோலி சேர்ந்து கட்டியது முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஃபாய்க் கொனிட்சாவோடு. 1920இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் அல்பேனியாவுக்கு இடம் வாங்கித் தந்த குழுவுக்குத் தலைமை வகித்தபோது, எல்லா மதத்தாருக்காகவும்தான் பேசினார்.

1922இல் அல்பேனியாவின் பெராட் நகரில் கூடிய மாநாடு அல்பேனிய ஆர்த்தடாக்ஸ் சபையின் சுயாதீனத்தை அறிவித்தது. மறுவருடம் நோலி ஆயரானார். 1924 ஜூனில் ஒரு கிளர்ச்சி அவரைப் பிரதமராக்கியது. நிலச்சீர்திருத்தம் பற்றி நிறையப் பேசினார், செய்ய முடியவில்லை. டிசம்பரில் யூகோஸ்லாவியாவின் உதவியோடு, அந்தக் கிளர்ச்சி விரட்டிய முன்னாள் பிரதமர் ஸோகு திரும்பிவந்தார். நோலி நாட்டைவிட்டு ஓடினார். அரசியலில் அவர் தோற்றவர்தான், அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. 1937இல் கான்ஸ்டான்டிநோபிள் அல்பேனியச் சபையை முறைப்படி அங்கீகரித்தபோது அதன் தலைமைப் பீடத்தில் இருந்தவர் வேறொருவர். நோலி அமெரிக்காவில் இருந்தார்.

அங்கே அவர் செய்ததை நீங்கள் கவனிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். அல்பேனியக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை ஆங்கிலத்தில் வளர்ந்தது; தாத்தாவின் மொழி அவர்களுக்கு நழுவிக்கொண்டிருந்தது. அல்பேனிய மொழிக்காக வாழ்நாளெல்லாம் போராடிய அந்த மனிதர் வழிபாட்டு நூல்களை எடுத்துவைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1965இல் இறக்கும்வரை அமெரிக்காவிலிருந்த அல்பேனியச் சபைக்கு ஆயராகவே இருந்தார்.