மேக்னம் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு? சப்பை நாசமானதும் மான் ஓடிப்போனதும் ஒரே நோய்தான்

நம் மொரீஷியஸின் ரிவியேர் நுவார் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெரியப்பாவின் .300 வின்செஸ்டர் மேக்னம் வேட்டைத் துப்பாக்கி, லைசென்ஸ் மாற்றி இப்போது இவர் கைக்கு வந்திருக்கிறது. போன சீசனில் இரண்டு மான் அடித்திருக்கிறார். முதலாவது ஒரு பிணை (பெண்மான்), 60 மீட்டர் இருக்கும், முன் சப்பையில், அதாவது தோளில் அடி. நின்ற இடத்திலேயே விழுந்தது, ஆனால் இரண்டு சப்பையும் கறுத்து ரத்தக்கட்டியாகி நாய்க்குத்தான் போனது. இரண்டாவது பெரிய கலை (ஆண்மான்), கொஞ்சம் கோணமாக நின்றது. அடி பட்டது நிச்சயம், ஆனால் தரையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, மறுநாள் காலையில்தான் ஓடைக்கரையில் கிடைத்தது. “சின்ன மானுக்கு இந்தத் துப்பாக்கி அதிகம், பெரிய மானுக்குப் பத்தவில்லை போல. விற்றுவிட்டு .308 வாங்கட்டுமா, இல்லை குண்டை மாற்றினால் போதுமா?” என்கிறார்.

விற்க வேண்டாம் தம்பி. துப்பாக்கி அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. உங்கள் பெட்டியில் இருந்தது 150 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு), சாதாரண ஈயக் குண்டு, மேலே மெல்லிய செப்பு உறை. கோளாறு அங்கேதான்.

.308-க்கும் .300 மேக்னத்துக்கும் குண்டின் விட்டம் ஒன்றுதான், வித்தியாசம் பின்னால் இருக்கிற மருந்தின் அளவில். அதே 150 கிரெயின் குண்டு .308 குழலை விட்டு நொடிக்குச் சுமார் 860 மீட்டர் வேகத்தில் கிளம்பும், உங்கள் மேக்னத்தில் அது 1000 மீட்டரைத் தொடும். வேகம் கொஞ்சம்தானே கூடியது என்று நினைக்காதீர்கள், சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. சாதாரண உறைக்குண்டு நிதான வேகத்துக்கு அளந்து செய்தது. மண்ணாங்கட்டியை மெதுவாக எறிந்தால் முழுசாகப் போய் விழும், ஓங்கிச் சுவரில் எறிந்தால் பொடிப்பொடியாகத் தெறிக்கும், அந்தக் கதைதான். பிணையின் சப்பை எலும்பில் பட்டதும் குண்டு வெடித்துச் சிதறி இறைச்சியை நாசமாக்கியது. கலையின் கோணத்தில் தடித்த சதையும் எலும்பும் குறுக்கே வர, அதே குண்டு அதே மாதிரி சிதறி, நுரையீரலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராமலே நின்றுவிட்டது. மறுபக்கம் ஓட்டை இல்லை, அதனால் ரத்தத் தடமும் இல்லை. நீங்கள் இரண்டு நோய் என்று நினைத்தது ஒன்றுதான்.

இது புதிதும் இல்லை. 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரருக்கும் இதே அனுபவம்தான். கையில் .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம், எதிரே சேறு அப்பிய மூஸ் என்ற பெரிய மான், குண்டுகள் மேலேயே சிதறி உள்ளே போகவில்லை. அவர் ஊருக்குத் திரும்பி, உறைக்கு நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி ஈயம் விரிந்து போனாலும் பின்பாதி கட்டுக்கோப்பாக உள்ளே போகிற மாதிரி ஒரு குண்டு செய்தார். 1948-ல் விற்பனைக்கு வந்த அந்த ‘பார்ட்டிஷன்’ இன்றும் கடையில் கிடைக்கிறது.

அப்போ எதை வாங்குவது? நம் தீவில் மிராடோரில் (வேட்டைப் பரணில்) உட்கார்ந்து அடிப்பதெல்லாம் 50, 80, மிஞ்சினால் 120 மீட்டர். நம் மான் 1639-ல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட இனம், நல்ல கலை நூறு கிலோ வரும், கழுத்தும் தோளும் தடிமன். இந்தத் தூரத்துக்கு நீளத்தூரக் குண்டு எதற்கு? கூர்மூக்கு, பிளாஸ்டிக் நுனி, 600 மீட்டர் கணக்கு என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 180 கிரெயின் எடுங்கள், ஈயத்தை உறையோடு உருக்கி ஒட்டிய ‘பாண்டட்’ வகை. நோஸ்லர் அக்யூபாண்ட், ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம், நார்மா ஓரிக்ஸ், எது கிடைக்கிறதோ அது, இல்லாவிட்டால் மேலே சொன்ன பார்ட்டிஷன். கனம் கூடினதால் வேகமும் 900 மீட்டர் அளவுக்கு இறங்கும், அது நமக்கு லாபம்தான்.

ஈயமே வேண்டாம் என்றால் முழுச் செப்புக் குண்டு இருக்கிறது, பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் மாதிரி. செப்பு ஈயத்தைவிட லேசு, அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், அதனால் ஒரு படி குறைத்து 165 கிரெயின் போதும். என் வீட்டில் இப்போது இதுதான். காரணம் கறி. ஒருமுறை சப்பையைக் கழுவும்போது காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, நல்ல சிவப்பாக இருந்த சதைக்குள் சாம்பல் நிறத்தில் கடுகளவு ஒரு துணுக்கு, நகத்தில் அழுத்தினால் நசுங்கியது. ஈயம். கண்ணுக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவோ. தண்ணீரில் அலசினால் போகாது, பரவத்தான் செய்யும். காயத்தைச் சுற்றித் தாராளமாக அறுத்து எறியுங்கள், குழந்தைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் அந்தப் பக்கத்துக் கறியே வேண்டாம்.

ஆனால் கெட்டிக் குண்டு வாங்கினால் ஒரு பொறுப்பும் கூடவே வரும். அது மானைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும். நம் மான்கள் கூட்டமாக நிற்பவை, ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்றின் தலை தெரிந்தால் விரலை எடுத்துவிடுங்கள். பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பாருங்கள். விரட்டி அடிக்கும் நாளில் சொல்லவே வேண்டாம், நீங்கள் சுடலாம் என்று நட்ட எல்லைக் குச்சிக்கு வெளியே குழல் திரும்பக் கூடாது.

எங்கே அடிப்பது? நல்ல குண்டு வாங்கிவிட்டு மறுபடியும் சப்பையில் அடித்தால் சப்பை மறுபடியும் போகும், கொஞ்சம் குறைவாக, அவ்வளவுதான். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அங்கே நுரையீரல். மான் ஐம்பது மீட்டர் ஓடினாலும் ஓடும், பதறாதீர்கள், இரண்டு பக்கமும் ஓட்டை இருந்தால் ரத்தம் வழி காட்டும்.

குண்டு மாற்றினால் குறி மாறும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். செப்புக்குப் போவதென்றால் முதலில் குழலைப் பழைய படிவு போகத் துடையுங்கள். 100 மீட்டரில் நேராகப் படும்படி வைத்துக்கொண்டால் 50-லும் 150-லும் நாலைந்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், கணக்கே வேண்டாம். பெட்டியில் அச்சிட்ட தயாரிப்புத் தொகுதி எண் ஒன்றாக இருக்கும்படி மூன்று பெட்டி சேர்த்து வாங்கிவிடுங்கள், நம் ஊர்க் கடையில் இந்த வருஷம் இருந்தது அடுத்த வருஷம் இருக்காது. அப்புறம் சுடும்போது துப்பாக்கி தோளில் கொடுக்கிற உதை. தோள் வலிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தால் எந்தக் குண்டும் உதவாது.

மிச்சமிருக்கிற 150 கிரெயினை வீண் பண்ண வேண்டாம், காகிதத்தில் கை பழக அடித்துத் தீருங்கள். இரண்டையும் ஒரே பையில் மட்டும் போடாதீர்கள். நான் ஒரு விடிகாலை இருட்டில் அப்படிக் கலந்து எடுத்துப்போய், எது எதென்று தெரியாமல் பளபளவென்று எதிரே நின்ற கலையைப் பார்த்துக்கொண்டே மிராடோரில் டார்ச் தேடினேன். அது நிதானமாக மேய்ந்துவிட்டுக் கரும்புக்குள் போய்விட்டது.