வினோத விளையாட்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 'வித்தியாசமாக ஏதாவது வீடியோ கேம் சொல்லுங்கள்' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் சொல்வதை அரை மணி நேரத்தில் மூடிவிடுகிறார்கள். எப்படித்தான் பரிந்துரைப்பது?

பதில்: பெரும்பாலும் நாம் 'ரொம்ப வினோதமான கேம், விளையாடிப் பாருங்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கேட்பவருக்கு அதிலிருந்து எதுவும் பிடிபடாது. முதல் ஒரு மணி நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருப்பார், எந்த இடத்தில் அவருடைய பொறுமை போகும் என்ற இரண்டையும் சொல்லிவிட்டால், தமக்கு ஒத்துவருமா என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

2019-இல் வெளிவந்த 'ஹிப்னோஸ்பேஸ் அவுட்லா'வை எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது தலையில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு இணையத்தில் உலாவும் கற்பனையான 1999-ஆம் ஆண்டில், விதி மீறும் பக்கங்களைத் தேடிப் பிடிக்கும் கண்காணிப்பாளர் வேலை உங்களுக்குக் கிடைக்கிறது. கண்ணைக் கூசவைக்கும் பின்னணி நிறங்கள், கேட்காமலே ஒலிக்கத் தொடங்கும் இசை, பதின்பருவத்தினரின் சச்சரவுகள் என்று பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டே போவதுதான் ஆட்டம். தொடக்கத்தில் வரும் வேலைகளில் ஒன்று, ஒரு கார்ட்டூன் மீனின் உருவத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியவர்களைக் கண்டுபிடிப்பது. தேடிப் போனால், பள்ளிக் குழந்தைகள் கையால் வரைந்த மீன் படங்கள் அகப்படுகின்றன, அவற்றையும் விதிமீறல் என்று குறித்தால் கூலி உண்டு. இந்த ஒரு காட்சியை விவரித்துவிட்டு, 'படிக்கப் பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்துப் பேரில் ஏழு பேர் விலகிப் போகலாம். மீதமுள்ளவர்கள் கடைசிவரை விளையாடுவார்கள்.

கேள்வி: மோசமாகச் செய்யப்பட்ட கேமையும் வேண்டுமென்றே வினோதமாகச் செய்யப்பட்ட கேமையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: உங்களைச் சிரமப்படுத்தும் ஒவ்வொன்றும் ஒரே திசையில் தள்ளுகிறதா என்று பாருங்கள். ரஷ்யாவின் ஐஸ்-பிக் லாட்ஜ் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட 'பேத்தலாஜிக்' இதற்கு நல்ல சோதனை. புல்வெளியின் நடுவே தனித்துக் கிடக்கும் ஓர் ஊரில் கொள்ளைநோய் பரவுகிறது. மூன்று வைத்தியர்களில் ஒருவராக நீங்கள் பன்னிரண்டு நாள்களைக் கடக்க வேண்டும். நடை மெதுவானது, ஊர் பெரியது, பசியும் களைப்பும் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாள் காலையில் கடைக்குப் போனால் உணவின் விலை தாறுமாறாக ஏறியிருக்கும். முதல் நாள் கையிலிருந்த காசு ஒன்றுக்கும் உதவாது. பிறகு குப்பைத் தொட்டிகளைக் கிளறி, கிடைத்ததைத் தெருவில் விளையாடும் சிறுவர்களிடம் கொடுத்துப் பண்டமாற்று செய்யும் நிலைக்கு வந்துவிடுவீர்கள். மெதுவான நடை, பசி, விலையேற்றம் ஆகிய எல்லாமே 'எல்லோரையும் காப்பாற்ற நேரம் போதாது' என்ற ஒரே உணர்வில்தான் கொண்டுபோய் விடுகின்றன. மோசமான கேமில் இப்படி ஓர் ஒழுங்கு இருக்காது; கேமரா ஒரு பக்கம் இழுக்கும், கதை வேறு பக்கம் போகும். ஆனால் ஒன்று: நோக்கம் இருப்பதாலேயே முதல் 'பேத்தலாஜிக்' அனுபவிக்கத்தக்கது ஆகிவிடாது. நண்பருக்குச் சொல்வதானால் 2019-இல் வந்த 'பேத்தலாஜிக் 2'-ஐயே சொல்லுங்கள்.

கேள்வி: புரியாத இடத்தில் வாக்த்ரூ (கேமை முடிக்கும் வழியைப் படிப்படியாகக் காட்டும் குறிப்பு) பார்ப்பது தவறா?

பதில்: இல்லை. கேமை மூடி வைத்துவிடுவதைவிட அது நல்லது.

கேள்வி: நாளுக்குப் பத்து நிமிடம்தான் நேரம் கிடைக்கிறது. எனக்கு ஏற்றது ஏதாவது உண்டா?

பதில்: நானூறு நாள் எடுத்துக்கொள்ளும் ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2020-இல் வந்த 'தி லாங்கிங்'கில் மலைக்கடியில் ஓர் அரசர் உறங்கப் போகிறார். நானூறு நாள் கழித்து அவரை எழுப்ப வேண்டியது அவருடைய நிழலுருவான ஊழியனின் கடமை. அந்த நாள்கள் நம் கடிகாரத்தின் நாள்கள். கேமை மூடிவைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் பாசி வளர்ந்து மெத்தைபோல் ஆகும்வரை காத்திருந்தால்தான் கீழே குதிக்க முடியும். அறையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம், படம் வரைந்து சுவரில் மாட்டலாம். அறை வசதியாக ஆக ஆக, அங்கே இருக்கும்போது நேரம் விரைவாக நகரும். தினமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான கேம் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: பழைய அபூர்வ கேம்களைப் பரிந்துரைத்தால், 'எங்கே கிடைக்கும்?' என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருப்பதில்லை.

பதில்: இது உங்கள் குறை இல்லை. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு அப்போது விற்பனையில் இல்லை. 1999-இல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் கன்சோலுக்கு (டி.வி.யில் இணைத்து விளையாடும் கருவி) வந்த 'விப்-ரிப்பன்' அமெரிக்காவுக்கு அதிகாரபூர்வமாக வந்து சேர்ந்ததே 2014-இல்தான். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளால் வரைந்த முயல் ஒன்று ஒரு கோட்டின்மீது நடக்கும். முழு கேமும் கன்சோலின் நினைவகத்தில் ஏறிவிடுவதால், வட்டை எடுத்துவிட்டு உங்களிடம் உள்ள எந்த இசைத்தட்டையும் போடலாம், அந்தப் பாட்டுக்கு ஏற்றபடி தடைகள் உருவாகும். தடுமாறிக்கொண்டே போனால் முயல் தவளையாகி, பின் புழுவாகிவிடும். ஒன்றைப் பரிந்துரைப்பதற்கு முன் அது எந்தக் கன்சோலில், எந்த மொழியில், மறுவெளியீடாகக் கிடைக்கிறதா என்று பார்த்து, அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: இத்தகைய கேம்களை நானாகவே கண்டுபிடிக்க வழி என்ன?

பதில்: கேமின் முடிவில் ஓடும், அதை உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியலைப் படியுங்கள். 1997-இல் வந்த 'மூன்' கேமில், ஒரு சிறுவன் தான் விளையாடிய கேமுக்குள்ளேயே இழுக்கப்பட்டு, வீரன் கொன்றுபோட்ட விலங்குகளின் ஆன்மாக்களை மீட்கிறான். வெற்றிக்குப் பதிலாக அன்புதான் சேரும், அன்பு கூடக் கூட அவன் அதிக நேரம் விழித்திருக்க முடியும். ஆங்கிலத்தில் வர 2020 வரை ஆயிற்று. அதில் பணியாற்றிய கெனிச்சி நிஷி பின்னர் 'சிபி-ரோபோ' என்ற கேமை இயக்கினார்; யோஷிரோ கிமுரா, ஊராரை முத்தமிடுவதையே ஆட்டமாக்கிய 'சூலிப்'பை இயக்கினார். கடைகளின் பரிந்துரைப் பட்டியல் இந்த மூன்றையும் ஒன்றாகக் காட்டாது. பிடித்த கேமிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அவர் அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்தார் என்று தேடத் தொடங்குங்கள்.