மாரி மழைக்கு ஒருக்கால் வந்து பாருங்கள், தங்கச்சி

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். வயது 34. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு. கணவரின் ஊர் யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாறு. மாமா போன வருடம் தவறிவிட்டார். மாமி அந்த வீட்டில் தனியே இருக்கிறார். ஊரோடு போய் இருந்துவிடுவோம் என்று கணவர் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கலியாணம் முடித்த பிறகு நான் அங்கே நாலு தரம் போயிருக்கிறேன், நாலு தரமும் சந்நிதி முருகன் கோயில் திருவிழாவுக்குத்தான். அப்போது ஊர் வடிவாகத்தான் இருந்தது. ஆனால் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் வருடம் முழுக்க இருப்பது எப்படி இருக்கும்? எல்லோரும் எல்லாவற்றையும் கேட்பார்கள் என்று பயமாக இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும்? நான் அங்கே என்ன செய்வேன்? ஓம் என்று சொல்லவா, இல்லை என்று சொல்லவா?
வாசகி, கொழும்பு 6

பதில்: அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் "நாலு தரமும் திருவிழாவுக்குத்தான்" என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். நான் 1984 இல் சுன்னாகத்திலிருந்து இதே தொண்டைமானாற்றுக்குக் கலியாணம் முடித்து வந்தவள். வருவதற்கு முன் நானும் இந்த ஊரைத் திருவிழாவில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

ஆவணித் திருவிழா தொடங்கினால் இங்கே சனம் எல்லாப் பக்கத்தாலும் வரும். மடங்களில் அடுப்பு அணையாது, அன்னதானக் கந்தன் என்று சும்மா பெயர் வரவில்லை. காவடி, கற்பூரச் சட்டி, கரை முழுக்கக் கடைகள். தீர்த்தம் முடிந்து மூன்றாம் நாள் வந்து பாருங்கள். அதே கரையில் ஒரு வயதானவர் வலை பொத்திக்கொண்டிருப்பார், பக்கத்தில் ஒரு நாய் படுத்திருக்கும். பின்னேரப் பூசைக்கு ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். கப்பூகர் என்கிற பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் சொல்லாமல் பூசை செய்கிற கோயில் அது. திருவிழா இரைச்சலில் அந்த மௌனம் உங்கள் காதுக்கு எட்டியிருக்காது. நீங்கள் குடியிருக்கப்போவது அந்த மூன்றாம் நாள் ஊரில்.

ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து ஆற்றங்கரை என்றால் களனி கங்கை போல ஒன்று மனதில் வரும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கையாறு மழைக்கு ஓடி, அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழுந்து, கோடையில் வறண்டு கிடக்கும். எங்கள் தொண்டைமானாறு பெயரில் ஆறு, உண்மையில் கடலுக்கு வாய் திறந்த நீரேரி. குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிப் போவதற்காக இதை வெட்டுவித்தான் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். கடல் உப்பு உள்ளே வராமலும் மழைத்தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகாமலும் இருக்க, வாய்ப்பக்கம் தடுப்பணை கட்டிக் கதவு போட்டிருக்கிறார்கள். 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம், ஆனையிறவு நீரேரித் தண்ணீரை வாய்க்கால் வெட்டி எங்கள் வடமராட்சிப் பக்கம் கொண்டுவந்து யாழ்ப்பாணத்துக்கே ஓர் ஆறு உண்டாக்கலாம் என்று திட்டம் போட்டார். அது இன்னும் முழுதாக நிறைவேறவில்லை. பாலத்தடியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏக்கம் வரும்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் கிணறு. இங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் அறைகளை எண்ணுவதற்கு முன் கிணற்றடிக்குத்தான் போவார்கள். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல். மழைத்தண்ணீர் கல் இடுக்குகளால் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக மிதக்கும். அளவாக அள்ளினால் நல்ல தண்ணீர் வந்துகொண்டிருக்கும். மோட்டரைப் போட்டு மணிக்கணக்காக இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறிவிடும். ஏறிய உவரை இறக்குவது லேசான காரியம் இல்லை, அடுத்த மாரி வரைக்கும் பார்த்திருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் ஆற்று ஓரம் வற்றி, வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். அப்போது ஒவ்வொரு வீட்டுக் கிணற்றின் குணமும் வெளியே வரும். "பிள்ளை, சித்திரை முடியும்வரைக்கும் பூக்கண்டுக்கு வாளி கணக்கா ஊத்தாதை" என்று என் மாமி ஒவ்வொரு வருடமும் சொல்லுவார். சுன்னாகத்துக் கிணற்றில் வளர்ந்த எனக்கு அது விளங்கவில்லை. முதல் கோடையில் தேத்தண்ணியை வாயில் வைக்க முடியவில்லை, சீனி போட்டாலும் ஒரு கரிப்பு. சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் சிக்குப் பிடிக்கும். குளிக்க ஒரு கிணறு, குடிக்கத் தள்ளி இன்னொரு கிணறு என்று பழக எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. உங்கள் மாமியின் கிணறு எப்படிப்பட்டது, மலசலகூடக் குழி அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் மாமியிடம் கேளுங்கள்.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும். சைக்கிள் செயின், கதவுப் பிணைச்சல், தகரம் எல்லாவற்றுக்கும் எண்ணெயும் பெயின்ரும் வருடா வருடம் வேண்டும்.

அப்புறம் மாரி. ஐப்பசியில் காற்று வாடைக்குத் திரும்பும், கடல் குழம்பும், வள்ளங்களைக் கரையில் இழுத்து வைத்துவிடுவார்கள். எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். இரவு முழுக்கத் தவளைச் சத்தம், கரண்ட் போய்ப் போய் வரும், மாலை ஆறு மணிக்கே ஒழுங்கை இருட்டாகிவிடும். தண்ணீர் ஏறினால் அணைக்கதவைத் திறப்பார்கள். திறந்துவிட்டார்களாம் என்று காதில் விழுந்தால் குடையோடும் உரப்பையைத் தலையில் போட்டுக்கொண்டும் பாதி ஊர் பாலத்தடிக்குப் போய்விடும். வீச்சுவலைக்காரர் வரிசையாக நிற்பார்கள். அன்றைக்கு எந்த வீட்டுப் படலையைத் திறந்தாலும் இறால் குழம்பு வாசம்தான். 2008 கார்த்திகையில் நிசா புயல் மழைக்கு எங்கள் முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மேசைக்கு மேல் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து மூன்று நாள் சமைத்தேன். தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் விழுந்த கோட்டை நான் இன்னும் வெள்ளையடித்து மறைக்கவில்லை.

நான் வந்த முதல் கார்த்திகையில் ஒன்று நடந்தது. விளக்கீட்டு நாள். வாசலில் வாழைக்குற்றி நட்டு வைத்திருக்கிறோம், மழை விடுகிறபாடில்லை, திரி நனைந்துபோயிற்று. சுன்னாகத்தில் இந்நேரம் தங்கச்சிமார் விளக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்ததும் படலையடியில் நின்று அழுதுவிட்டேன். முன்வீட்டு ஆச்சி அதைக் கண்டுவிட்டார். ஏன் அழுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு செம்பில் ஒடியற்கூழ் கொண்டுவந்து, "சூட்டோட குடி பிள்ளை" என்று கையில் தந்துவிட்டுப் போனார். இரண்டு நாளில் அந்தக் கதை பாலத்தடிக் கடைவரைக்கும் போய்விட்டது. "புதுப்பொம்பிளை படலைக்குள்ள நிண்டு அழுதவவாம்." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆச்சியோடு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

1987 வைகாசியில் வடமராட்சியில் சண்டை மூண்டபோது என் மூத்தவளுக்கு ஒன்றரை வயது. மாமிக்கு நடக்க ஏலாது. இவர் அன்றைக்கு ஊரில் இல்லை. எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் நடக்க முடியாத ஆள் என்று அந்த ஒழுங்கைக்கு மனப்பாடம். நான் கூப்பிடுவதற்கு முன்பே ஆச்சியின் பேரன் வந்து மாமியைச் சைக்கிள் கரியரில் ஏற்றித் துணியால் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டான்.

ஆகவே கேட்பார்களா என்றால், ஓம், கேட்பார்கள். என்ன சமையல், ஏன் இன்னும் வேலைக்குப் போகிறாய், மகளுக்கு ஏன் தலைமயிரை வெட்டினாய், எல்லாம் கேட்பார்கள். முதல் வருடம் அது உடம்பில் முள் போலக் குத்தும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டு "மாமியைத்தான் கேக்கவேணும்" என்றால் முடிந்தது. கேள்வி எல்லை மீறி உங்களை நோகப் பண்ணினால் அதை முகத்துக்கு நேரே சொல்லலாம். இங்கே நேரே சொன்னவளை மதிப்பார்கள்.

படிப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஊருக்குள் வீரகத்திப்பிள்ளை மகா வித்தியாலயம் இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்தால் பருத்தித்துறையில் ஹாட்லிக் கல்லூரியும் வடமராட்சி இந்து மகளிர் கல்லூரியும் பஸ் தூரத்தில் இருக்கின்றன. உயர்தரம் படித்த வடக்குப் பிள்ளை எவரையாவது கேளுங்கள், தொண்டைமானாறு என்றால் முதலில் இங்குள்ள வெளிக்கள நிலையம் தயாரிக்கும் பரீட்சை வினாத்தாள்தான் ஞாபகம் வரும். வருத்தம் என்றால் மந்திகை ஆதார வைத்தியசாலை கிட்ட. பெரிய வருத்தத்துக்கு யாழ்ப்பாணம் போக வேண்டும், அது பஸ்ஸில் நேரம் எடுக்கும். மழை விட்ட பிறகு டெங்குக் காலம், பிள்ளைகளுக்கு நுளம்பு வலை கட்டாயம்.

உங்கள் வேலையை விட்டுவிட்டு வராதீர்கள். இதை உங்கள் தாய் சொல்வது போல எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து செய்ய விடுவார்களா என்று நிறுவனத்தில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். முடியாது என்றால் பருத்தித்துறையிலோ நெல்லியடியிலோ வேலை பார்த்து வைத்துக்கொண்டு வாருங்கள். நான் ஒரு தையல் மெசினோடு வந்தேன். சட்டை தைக்க வந்த பெண்கள்தான் எனக்கு இந்த ஊரைத் தந்தார்கள். யாருடைய மகள், யாருடைய மருமகள் என்பதைத் தாண்டி "தைக்கிற அக்கா" என்று எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. உங்களுக்குக் கணக்குத் தெரியும். கடற்றொழிலாளர் சங்கம், சனசமூக நிலையம், கோயில் மடம் என்று கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிற இடங்கள் இங்கே நிறைய. ஒரு இடத்தில் ஒரு கணக்கைச் சரியாக முடித்துக் கொடுங்கள், நீங்களும் யாருடைய மருமகள் என்பது பின்னுக்குப் போகும்.

இனி உங்கள் கணவர். எத்தனை வயதில் ஊரை விட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் போயிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் மனதில் இருப்பது பாலத்திலிருந்து ஆற்றில் குதித்த ஊர், தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் விட்ட ஊர். அவரோடு குதித்தவர்களில் எத்தனை பேர் இப்போது இங்கே இருக்கிறார்கள்? பல வீடுகளில் கிழவன் கிழவியும் ஒரு பூட்டிய அறையும்தான். வந்து ஆறு மாதத்தில் உங்களை விட அவர்தான் கூடுதலாகத் தனித்துப் போவார் என்பது என் பயம். இதை அவரிடம் கோபமில்லாமல் சொல்லுங்கள்.

மாமியைப் பற்றி ஒன்று. அவர் தனியே இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வருவதை அவர் விரும்புகிறாரா என்று எழுதவில்லை. மகன் பக்கத்தில் இல்லாத நேரம் நீங்களே கோல் எடுத்துக் கேளுங்கள். ஒருவேளை வழி பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவேளை வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கூட்டாளிகளோடு சந்நிதிக்குப் போய், மடத்தில் சாப்பிட்டு, தன் நேரத்துக்குப் படுத்து எழும்பி, அதில் ஒரு நிம்மதி கண்டிருப்பார். இரவில் துணைக்கு ஒரு ஆள் இருந்தால் போதும் என்றும் சொல்லக்கூடும். அவர் வாயால் கேட்காமல் அவர் பெயரில் முடிவெடுக்காதீர்கள்.

என் மனம் எந்தப் பக்கம் என்று கேட்டால், நீங்கள் வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. இந்த ஊருக்குப் பிள்ளைச் சத்தம் வேண்டும். ஆனால் என் ஆசைக்காக நீங்கள் ஓம் சொல்லக் கூடாது. மார்கழி விடுமுறை விட்டதும் பிள்ளைகளோடு வந்து மூன்று கிழமை இருங்கள். விருந்தாளியாக இருக்காதீர்கள். காலையில் மீன் வாங்கப் போங்கள், ஒருநாள் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் ஒரு அலுவல் முடித்து இருட்டுவதற்குள் திரும்பி வர முடிகிறதா என்று பாருங்கள், கரண்ட் இல்லாத இரவில் பிள்ளைகளைப் படுக்க வையுங்கள். திருவெம்பாவைக் காலம் என்றால் விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் கேட்கும், மகளை எழுப்பிப் படலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று கிழமை முடிய உங்களுக்கு இல்லை என்று பட்டால் இல்லை என்று சொல்லுங்கள். அதில் ஒரு குற்றமும் கிடையாது. மாமியைக் கொழும்புக்குக் கூப்பிடுவது, விடுமுறைக்கு விடுமுறை வந்து நிற்பது என்று வேறு வழிகளும் இருக்கின்றன.

வந்திறங்கியதும் கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஒரு வாய் குடித்துப் பாருங்கள். மாரியில் நல்லாகத்தான் இருக்கும், ஆகவே சித்திரையில் எப்படி இருக்கும் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். 2008 இல் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று மாமியிடம் சுவரைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ரப்பர் செருப்பு கொண்டுவாருங்கள், சப்பாத்து இந்தச் சேற்றுக்கு உதவாது.

அன்புடன்,
அக்கா