ஜூலையில் பத்து நாள் வெயில்: ரெயின்கார்டை எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். ரப்பர் மரத்தின் வெட்டுப் பகுதி நனையாமலிருக்க ஒட்டும் பிளாஸ்டிக் மறைப்புதான் ரெயின்கார்டு. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் பத்து நாள் மழை இல்லாததால் பருவமழை முடிந்துவிட்டது என்று ஆகாது. தென்மேற்குப் பருவக்காற்று நாட்டை விட்டு விலகவே அக்டோபர் நடுப்பகுதி ஆகிவிடும்.

இது பெரும்பாலும் பருவமழையின் இடைவெளி. ராஜஸ்தானிலிருந்து வங்கக்கடல் வரை நீளும் தாழ்வழுத்தப் பள்ளம் (பருவப் பள்ளம்) வடக்கே நகர்ந்து இமயமலை அடிவாரத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போது மேற்குக் கரை ஓரத் தாழ்வழுத்தமும் தளர்ந்து, கேரளத்திலும் நம் மேற்குத் தாலுகாக்களிலும் மழை ஓயும். பள்ளம் தெற்கே திரும்பினால் மழையும் திரும்பும். 30 முதல் 60 நாளில் கிழக்கு நோக்கி உலகைச் சுற்றும் மேக, காற்று அலையான மேடன்–ஜூலியன் அலைவுக்கும் இதில் பங்குண்டு.

நீங்களே பார்க்கலாம்:

1. இந்திய வானிலைத் துறையின் தினசரி அறிக்கையில் பருவப் பள்ளம் எங்கே என்று தேடுங்கள். 'இமயமலை அடிவாரம்' என்றிருந்தால் இடைவெளிதான்.

2. இங்கே வெயில் காய, தமிழகத்தின் உள்மாவட்டங்களில் மாலையில் இடிமழை கூடுகிறதா? அதுவும் அதே அடையாளம்.

ஆனால் இடைவெளி எத்தனை நாள் நீடிக்கும் என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது. சில நாளிலும் முடியும், இரண்டு வாரமும் இழுக்கும். பிளாஸ்டிக்கைப் பிய்த்தால் பசையும் போய்விடும். திரும்ப ஒட்டப் பட்டை நன்றாகக் காய வேண்டும். அதற்குள் ஒரு மழை பிடித்தால் சிரட்டையில் பாலுக்குப் பதில் தண்ணீர்தான் நிற்கும். அப்புறம் வடகிழக்குப் பருவமழையும் நமக்கு உண்டு. இப்போதைக்கு இந்த வெயிலில் பால்வெட்டை விடாமல் நடத்துங்கள், கிழிந்த இடங்களை மட்டும் ஒட்டிவிடுங்கள்.