பள்ளிப் பிள்ளைகளுக்கு சிபிஆர்: கேள்வி பதில்

கேரள-தமிழ்நாடு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை வட்டாரப் பள்ளிகளில் சிபிஆரை, அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கும் முதலுதவியைக் கற்றுத்தரும் ஓய்வுபெற்ற செவிலியர் பதிலளிக்கிறார்.

எந்த வயதில் தொடங்கலாம்?

12 வயதிலிருந்து ஆண்டுக்கு 2 மணி நேரம் என்ற பரிந்துரைக்கு 2015இல் உலக சுகாதார நிறுவனம் ஆதரவு தந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு, மயங்கி விழுந்தவரைத் தட்டிக் கூப்பிடவும் மூச்சைப் பார்க்கவும் 108ஐ அழைக்கவும் தெரிந்தால் போதும். எல்லையோரம் என்பதால் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்பதை முதலில் சொல்லப் பழக்குங்கள்.

ஒல்லிப் பிள்ளைகளால் அமுக்க முடியுமா?

கை பலத்தால் முடியாது, உடல் எடையால் முடியும். சென்ற வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி முழங்கையை மடக்கி மடக்கிப் பயிற்சிப் பொம்மையோடு மல்லுக்கட்டினாள். ஜடையை வாயில் கடித்துக்கொண்டு, தோளைப் பொம்மையின் நெஞ்சுக்கு நேர்மேலே கொண்டுவந்து சாய்ந்தாள், 'டக்' என்றது. அதுதான் அமுக்க வேண்டிய 5 சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழ வேண்டும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும்.

விலா எலும்பு முறியாதா?

முறியலாம். ஒட்டிக்கொள்ளும்.

வழக்கு வந்தால்?

வக்கீலிடம் கேளுங்கள். சாலை விபத்தில் உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் பாதுகாப்பு தருகிறது.

தண்ணீரில் மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றலாமா?

கூடாது. மூச்சில்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு 30 அமுக்கல், 2 ஊதல். பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கவே கூடாது. துண்டை நீட்டட்டும், நெற்றுத் தேங்காய் இரண்டைக் கட்டி எறியட்டும்.

என் தாத்தா சித்தூர்ப் புழையில் ஒருவனை அப்படிச் சுற்றித்தான் பிழைக்கவைத்தார்!

தம்பி, அவனுக்கு இதயம் நின்றிருக்காது. நின்றிருந்தால் சுற்றிய நேரமெல்லாம் மூளைக்கு ரத்தம் போயிருக்காது.

தண்ணீர் வெளியே வந்ததை ஊரே பார்த்ததே?

வந்தது வயிற்றுத் தண்ணீர். உயிர் போவது நுரையீரலுக்குக் காற்று போகாததால்.

அப்படியானால் வயிற்றையாவது அமுக்கலாமா?

அதுவும் கூடாது. வயிற்றில் கை வைத்தால் தின்ற சோறு மூச்சுக்குழாயில் இறங்கும். பிள்ளைகள் குதிக்கக் கூடாது என்பதையும் மறுபடி சொல்லிவிடுகிறேன்.

மாரடைப்பில் இருமினால் பிழைக்கலாம் என்கிறார்களே...

வேண்டாம். 108.

அக்கா, தாத்தா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வகுப்புக்கு அழைத்து வரட்டுமா?

சனிக்கிழமை 10 மணி. முட்டிபோட வேண்டியிருக்கும், வேட்டியை மடித்துக் கட்டிவரச் சொல்.