எல்எஸ்டி என்று கொடுத்தார்கள், விரல்கள் நீலமாகிவிட்டன

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. நண்பர்களோடு போன இடத்தில் எல்எஸ்டி என்று சொல்லி ஒரு சின்னக் காகிதத் துண்டைக் கொடுத்திருக்கிறார்கள். நாக்கில் வைத்ததும் கசந்ததாம். ஒன்றரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை என்று இன்னொன்றையும் போட்டிருக்கிறான். அன்று இரவு, மறுநாள் முழுக்க, அதற்கு அடுத்த நாள் காலை வரை தூக்கமே இல்லை. சுவர் அசைகிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று ஒரே பயம். கை, கால் விரல்கள் சில்லிட்டு, நீலம் பாய்ந்து, மரத்துப்போயின. மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். சிறுநீர்ச் சோதனை ‘நெகட்டிவ்’. அங்கிருந்த டாக்டர் ஒருவர், “இது எல்எஸ்டி இல்லை, டிஓபி மாதிரி ஏதோ” என்றார். மூன்று வாரம் ஆகிறது. வலது சுண்டு விரல் நுனி இன்னும் மரத்திருக்கிறது. நகரும் பொருளுக்குப் பின்னால் வால் மாதிரி நிழல் தெரிகிறது என்கிறான். மனச்சோர்வுக்காக எஸ்சிடலோபிராம் சாப்பிட்டு வந்தவன், பயத்தில் அதையும் அன்றோடு நிறுத்திவிட்டான். இது என்ன மருந்து? நிரந்தரமாக ஏதாவது ஆகுமா?

பதில்: அந்த டாக்டர் சரியாகத்தான் ஊகித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். என்னை அப்படி நினைக்க வைப்பது முக்கியமாக நீங்கள் எழுதியிருக்கும் நேரக் கணக்கு. எல்எஸ்டி என்ற, இல்லாத காட்சிகளைக் காட்டும் போதைமருந்து பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டத் தொடங்கிவிடும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். உங்கள் தம்பிக்கு ஆரம்பிக்கவே நேரம் பிடித்திருக்கிறது, பிறகு ஒன்றரை நாள் விடவில்லை. கசப்பைக் கேட்டதும் என்பிஓஎம்இ என்ற இன்னொரு வகைதான் முதலில் நினைவுக்கு வரும். அதுவும் காகிதத்தில்தான் வருகிறது, அதுவும் ரத்தக்குழாயை இறுக்கும். ஆனால் அது பெரும்பாலும் அரை நாளுக்குள் முடிந்துவிடும். தாமதமான தொடக்கம், ஒரு நாளைத் தாண்டிய நீளம், நீலம் பாய்ந்த விரல்கள் என்று மூன்றும் சேரும்போது டிஓபி அல்லது அதன் உறவுக்கார மருந்து என்பதுதான் பொருந்திவருகிறது. ஆய்வகத்தில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

சரி, டிஓபி என்பது என்ன? ஆம்பெட்டமைன் என்ற ஊக்கமருந்தின் எலும்புக்கூட்டில் சில அணுக்களைக் கூட்டிச் செய்த செயற்கை மருந்து. வளையத்தின் இரண்டாவது, ஐந்தாவது இடங்களில் மெத்தாக்சி, நான்காவது இடத்தில் புரோமின். புரோமினுக்குப் பதில் மெத்தில் இருந்தால் டிஓஎம், குளோரின் இருந்தால் டிஓசி, அயோடின் இருந்தால் டிஓஐ. எல்லாம் ஒரே குடும்பம். அமைப்பில் ஆம்பெட்டமைன் என்றாலும் நடத்தையில் அப்படி இல்லை. சாதாரண ஆம்பெட்டமைன் நரம்பு முனையிலிருந்து டோபமைன், நாரட்ரினலின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள்களை வெளியே தள்ளிவிட்டு வேலை செய்யும். டிஓபி அதைப் பெரிதாகச் செய்வதில்லை. நேராகப் போய் செரோடோனின் என்ற இன்னொரு செய்திப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில், குறிப்பாக 5-எச்டி2ஏ என்ற ஏற்பியில் உட்கார்ந்து அதைத் தூண்டிவிடும். எல்எஸ்டியும் மெஸ்கலினும் காட்சிகளை உண்டாக்குவது இதே ஏற்பி வழியாகத்தான். மூளையின் புறணியில் இந்த ஏற்பி நிறைய இருக்கிறது. அங்கே தூண்டல் கூடும்போது பார்ப்பது, கேட்பது, ‘நான்’ என்ற உணர்வு எல்லாமே குழம்பிவிடுகின்றன.

நீளத்துக்குக் காரணம் பக்கச் சங்கிலியில் இருக்கும் ஒரே ஒரு மெத்தில் தொகுதி. இத்தகைய மூலக்கூறுகளைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை அது கிட்டே வரவிடாது. அந்த மெத்தில் இல்லாத டிஓபிதான் 2சி-பி. அது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், வீரியமும் குறைவு. மெத்தில் இருக்கும் டிஓபியின் தாக்கம் ஒரு முழு நாள்கூட நிற்கும், இரட்டை அளவு போனால் அதற்கும் மேல்.

வீரியம்தான் காகிதத்தின் ரகசியமும். தபால் தலையைவிடச் சிறிய துண்டில் நூறு மில்லிகிராம் பொடி நிற்காது. ஓரிரு மில்லிகிராமிலேயே வேலை செய்யும் மருந்துதான் நிற்கும். எல்எஸ்டி மைக்ரோகிராம் கணக்கு, டிஓபி ஓரிரு மில்லிகிராம் கணக்கு. அதனால்தான் எல்எஸ்டி என்ற பெயரில் இதை விற்க முடிகிறது. காகிதத்தில் இருக்கும் படத்தையோ, வாயில் படும் சுவையையோ, கொடுத்தவரின் வாக்கையோ வைத்து உள்ளே இருப்பது எது, எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே தாளில் கிழித்த இரண்டு துண்டுகளில்கூட அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று இரண்டாவதைப் போடுவதுதான் இந்தக் குடும்பத்தின் பழைய ஆபத்து. டிஓஎம்மை 1960-களின் தொடக்கத்தில் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் அலெக்சாண்டர் சல்கின் உருவாக்கினார். 1967-ல் அது எஸ்டிபி என்ற பெயரில் சான் பிரான்சிஸ்கோ தெருக்களுக்கு வந்தது. மாத்திரைகளில் தேவைக்கு மிக மிஞ்சிய அளவு இருந்தது. எல்எஸ்டியின் வேகத்துக்குப் பழகியவர்கள் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு இன்னொன்றை விழுங்கினார்கள். இரண்டும் சேர்ந்து ஏறியபோது பலர் பீதியோடு அவசரப் பிரிவுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். 1971-ல் ஐ.நா.வின் மனநிலை மாற்றும் பொருள்கள் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, மிகக் கடுமையான முதல் பட்டியலிலேயே டிஓஎம் இருந்தது. உங்கள் தம்பி வேண்டுமென்றே இரட்டை அளவு எடுக்கவில்லை. இந்த மருந்தின் தாமதம் அப்படி எடுக்க வைத்திருக்கிறது. வீட்டில் அவரைக் கேள்வி கேட்பவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

இனி விரல்களுக்கு வருகிறேன், என் கவலை அங்கேதான். 5-எச்டி2ஏ ஏற்பி மூளையில் மட்டும் இல்லை. தமனிச் சுவரில் இருக்கும் தசைகளிலும், ரத்தத் தட்டணுக்களிலும் இருக்கிறது. தசையில் அதைத் தூண்டினால் செல்லுக்குள் கால்சியம் ஏறும், தசை சுருங்கும், குழாய் ஒடுங்கும். இதயத்திலிருந்து தூரத்தில் இருக்கும் மெல்லிய குழாய்களில்தான் இது முதலில் தெரியும்: விரல்கள், பாதம், சில சமயம் மூக்கு நுனி. ஒற்றைத் தலைவலிக்குத் தரும் எர்கோட்டமைன் மாத்திரை அளவு மிஞ்சினாலும் இதே மாதிரிதான் ஆகும். டிஓபி சாப்பிட்டவருக்கு உடல் முழுக்கத் தமனிகள் இறுகிப்போனதை 1983-லேயே மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். புரோமோ-டிராகன்ஃபிளை என்ற நெருங்கிய உறவுக்கார மருந்தில் விரல்களையே வெட்டி எடுக்க நேர்ந்திருக்கிறது. இந்த இறுக்கம் எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது.

மருத்துவமனையில் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மாற்று மருந்து என்று எதுவும் கிடையாது. பதற்றம், வலிப்பு, ரத்த அழுத்தம் மூன்றுக்கும் முதலில் கை போவது லோராசெபாம், டயசெபாம் போன்ற பென்சோடயசெபின் ஊசிக்குத்தான். உடல் சூடு ஏறினால் வேகமாகக் குளிர்விக்க வேண்டும். உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் இந்தச் சூடும் வலிப்பும்தான். தசைகள் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்காமல் இருக்க ட்ரிப்ஸ் ஏற்றுவார்கள். தமனி இறுக்கம் கடுமையாக இருந்தால் நைட்ரோகிளிசரின் போன்ற, குழாயைத் தளர்த்தும் மருந்தை ரத்தத்தில் செலுத்துவார்கள். இதை வீட்டில் செய்ய வழியே இல்லை. மரத்துப்போன விரலை வெந்நீரில் முக்குவது கூடவே கூடாது, சூடு உறைக்காததால் வெந்துபோகும். அவரை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனது நல்ல காரியம்.

சிறுநீர்ச் சோதனை நெகட்டிவ் என்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவசரப் பிரிவில் செய்யும் பட்டைச் சோதனையில் இருக்கும் எதிர்ப்புப் பொருள் சாதாரண ஆம்பெட்டமைனின் வடிவத்தைத் தேடுகிறது. மெத்தாக்சியும் புரோமினும் ஒட்டிக்கொண்ட மூலக்கூறு அதன் கண்ணில் படாமலே போய்விடும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, அதாவது மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் வசதி உள்ள ஆய்வகம்தான் கண்டுபிடிக்கும், அதற்கும் முதல் ஓரிரு நாளில் எடுத்த சிறுநீர் வேண்டும். மூன்று வாரம் கழித்து இதற்காக அலைவதில் பயனில்லை, விட்டுவிடுங்கள்.

இப்போது அந்தச் சுண்டு விரல். ரத்த ஓட்டம் குறைந்த நேரத்தில் நுனி நரம்பு அடிபட்டிருக்கலாம். நரம்பு மெதுவாகத்தான் ஆறும், மரத்த உணர்வு இன்னும் சில வாரங்கள் நீடித்தாலும் நான் உடனே பயப்பட மாட்டேன். ஆனால் ரத்தம் இப்போது ஒழுங்காகப் போகிறதா என்பதைப் பார்த்தாக வேண்டும். நீங்களே ஒன்று செய்யலாம். அறை இதமான சூட்டில் இருக்கும்போது அந்த விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய ரோஜா நிறத்துக்கு வர வேண்டும். பக்கத்து விரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெதுவாக வந்தாலோ, விரல் மற்றவற்றைவிடக் குளிர்ந்திருந்தாலோ, நுனி கறுத்தாலோ, புண் வந்தாலோ அன்றே ரத்தக்குழாய் நிபுணரிடம் போங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுவது நல்லது. அதுவரை சிகரெட் வேண்டாம், நிகோட்டின் அதே குழாய்களைத்தான் சுருக்கும். தலைவலி வந்தால் சுமட்ரிப்டான், எர்கோட்டமைன் வகை மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போட வேண்டாம்.

வால் மாதிரித் தெரியும் நிழல்: இந்த வகை மருந்துகளுக்குப் பிறகு சிலருக்கு வரும். நகரும் பொருளின் தடம், வெளிச்சத்தைச் சுற்றி வளையம், காட்சியில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் என்று பல வடிவம். தானே அவற்றைத் தேடித்தேடிப் பார்ப்பவர்களுக்கு இன்னும் அதிகமாகத் தெரியும் என்பது இதில் ஒரு கொடுமை. பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலோ சில மாதங்களிலோ மங்கிவிடுகிறது. மூளையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சிலருக்கு மட்டும் நீண்ட நாள் தங்கி அன்றாட வேலையைக் கெடுக்கும். அதற்குச் சிகிச்சை உண்டு, மனநல மருத்துவர்தான் அதற்குச் சரியான ஆள். கஞ்சா இதைக் கிளப்பிவிடும், தூக்கமின்மையும் அப்படியே. காட்சி அவரைத் தொந்தரவு செய்யும் வரை வண்டி ஓட்ட வேண்டாம், குறிப்பாக இரவில்.

இதைவிட நான் உன்னிப்பாகப் பார்க்கச் சொல்வது வேறு. மருந்து முற்றிலும் இறங்கிய பிறகும் ஆதாரமில்லாத சந்தேகம், காதில் குரல், நாள்கணக்கில் தூங்காமலே உற்சாகம், தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற உறுதி இருந்தால் அது வெறும் மிச்சம் அல்ல. குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் நோயோ மனச்சிதைவோ இருந்திருந்தால் டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மருந்துகள் நோயைத் திறந்துவிடக்கூடும்.

எஸ்சிடலோபிராம் விஷயத்தில் அவர் பயந்தது எனக்குப் புரிகிறது. மாத்திரையும் காகிதமும் மோதிக்கொண்டதால்தான் இப்படி ஆனதோ என்று நினைத்திருப்பார். நீண்ட நாளாக அதைச் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் காட்சி மருந்துகளின் தாக்கம் பொதுவாகச் சற்று மழுங்கித்தான் இருக்கும். ‘ஒன்றும் தெரியவில்லை’ என்ற அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். செரோடோனின் மிகுதியால் வரும் நஞ்சுநிலை, அதாவது தசை விறைப்பு, கால் துடிப்பு, காய்ச்சல், குழப்பம் எல்லாம் சேர்ந்து வருவது, எம்டிஎம்ஏ (எக்ஸ்டசி), டிரமடால் என்ற வலி மாத்திரை, முன்பு சொன்ன மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியைத் தடுக்கும் மாத்திரைகள் ஆகியவற்றோடுதான் அதிகம் அஞ்ச வேண்டியது. மனநிலைக்கு லித்தியம் சாப்பிடுபவர்கள் கதை வேறு. காட்சி மருந்தோடு சேர்ந்து வலிப்பு வந்த பதிவுகள் இருக்கின்றன. உங்கள் தம்பியின் உடலில் அந்த டிஓபி இப்போது இல்லை. மூன்று வாரமாக மனச்சோர்வு மாத்திரை இல்லாமல் இருப்பதுதான் இன்றைய ஆபத்து. அதைத் தானாகப் பழைய அளவில் மறுபடி தொடங்காமல், எழுதிக் கொடுத்த மருத்துவரை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். நடந்ததை அவரிடம் முழுதாகச் சொல்லட்டும். இதற்கிடையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஏதாவது வந்தால், நாள் குறித்துக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

கடைசியாக, மருத்துவமனையிலிருந்து தந்த டிஸ்சார்ஜ் சீட்டில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), சிபிகே (தசைச் சிதைவைக் காட்டுவது) என்ற இரண்டு எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிபிகே எகிறியிருந்தால் அல்லது அந்த நாட்களில் சிறுநீர் கோலா நிறத்தில் போயிருந்தால், இரண்டையும் ஒரு முறை மறுபடி சோதித்துவிடுங்கள். அந்த முடிவையும் டாப்ளர் அறிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனால் ஒரே சந்திப்பில் பேசி முடித்துவிடலாம்.