வவுச்சர் கேட்காத கணக்குப்பிள்ளை

கேள்வி: எங்கள் வீடு காரைக்குடி பக்கம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இங்கே நான், எட்டு மாதக் கைக்குழந்தை, மாமனார், மாமியார். மாமனார் ஒரு இரும்புக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நாளாக ஓர் அரசியல்வாதியின் பேச்சை ஃபோனில் ஓயாமல் கேட்கிறார். "ஏசி ரூமில் உட்கார்ந்து அறிக்கை எழுதுறவனுக்கு ஜனங்களைப் பத்தி என்ன தெரியும்? டாக்டர், விஞ்ஞானி, பொருளாதார நிபுணர் எல்லாரும் விலைபோனவங்க" என்பதுதான் இப்போது வீட்டுப் பேச்சு. அடுத்த மாதம் பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி. "கம்பெனிக்காரன் காசு பார்க்கிற வேலை, ஆட்டிசம் வருமாம், வேண்டாம்" என்கிறார். நான் மைக்ரோபயாலஜி படித்தவள். விளக்கப் போனால் "படிச்ச திமிர்" என்கிறார். கணவரோ "அப்பாவை எதிர்த்துப் பேசாதே" என்கிறார். நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

"படிச்ச திமிர்" என்ற சொல் உங்களுக்குச் சுட்டிருக்கும். ஆனால் விஷயமே அதற்குள்தான் இருக்கிறது. ஊசியைவிட, தனக்குப் பாடம் நடத்துகிறவர்கள் மேல்தான் அவருக்குக் கோபம் என்று தோன்றுகிறது. ஃபோனில் பேசுகிறவர் அந்தக் கோபத்தை மோப்பம் பிடித்துத் தீனி போடுகிறார்.

அந்தக் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் பக்கம் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். கண்மாய்க் கரையிலும் கண்மாய்க்குள்ளும் சீமைக்கருவேலம்தான். வறண்ட பூமிக்கு விறகு கிடைக்கும் என்று அதைப் பரப்பியதில் அரசாங்கத்துக்கும் படித்தவர்களுக்கும் பங்கு உண்டு. ஆடு மாடு நெற்றைத் தின்று, போகிற இடமெல்லாம் சாணியோடு விதையைப் போட்டது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவு போடும் அளவுக்கு வந்து நின்றது. "இது நம்ம மண்ணுக்கு ஆகாது" என்று ஒரு சம்சாரி அன்றைக்கே சொல்லியிருந்தால் எந்த அதிகாரியாவது காதில் வாங்கியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அதே மரத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதையும் பாருங்கள். காற்றில் இருக்கிற ஈரத்தையே உறிஞ்சிவிடும், அதன் நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது என்றெல்லாம் வரும். இதற்குச் சான்று காட்டச் சொன்னால் இன்னொரு வாட்ஸ்அப் செய்தி வரும். (கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களைக் கேட்டால் அந்த மரத்தைப் பற்றி மூன்றாவதாக ஒரு கதை சொல்வார்கள். அவர்களை இரண்டு தரப்பும் கேட்பதில்லை.) நிபுணர் தவறினார் என்பதாலேயே அவரை எதிர்த்துப் பேசுகிறவர் சொல்வது சரியாகிவிடாது.

நமக்குப் பக்கத்திலேயே நெடுவாசலில் 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஜனங்கள் உட்கார்ந்தார்கள். ஆபத்தில்லை என்று மேலிருந்து சொன்னதை அவர்களும் நம்பவில்லை. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி, நிலத்தடி நீருக்கு என்ன ஆகும், விவசாயத்துக்கு என்ன ஆகும் என்பது. அது கூடுதலாக ஆதாரம் கேட்கிற சந்தேகம். உங்கள் மாமனாருக்கு ஃபோனில் ஊட்டப்படுவதோ, ஆதாரம் என்ற பேச்சையே எடுக்காதே என்கிற சந்தேகம். 'அவன் யார், எவன் ஆள்' என்பதோடு அங்கே விசாரணை முடிந்துவிடுகிறது.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. 2016இல் பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாமா என்று வாக்கெடுப்பு நடத்தியபோது, வெளியேறச் சொன்ன அமைச்சர் மைக்கேல் கோவ், இந்த நாட்டு மக்களுக்கு நிபுணர்கள் என்றாலே அலுத்துவிட்டது என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார். எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரிப் பேசிவிட்டுத் தொடர்ந்து தவறாகச் சொல்லும் அமைப்புகளின் நிபுணர்களைச் சொன்னேன் என்பது அவர் வாக்கியத்தின் மிச்சம். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. 2008இல் வங்கிகள் கவிழ்ந்தபோது, லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்குப் போன எலிசபெத் ராணியே, இதை ஏன் யாரும் முன்கூட்டிக் கவனிக்கவில்லை என்று கேட்டார். சரி, நிபுணர் வேண்டாம் என்ற அந்தத் தரப்பு என்ன செய்தது? வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகிறது என்று பஸ்ஸில் எழுதி ஊர் ஊராக ஓட்டியது. அந்தத் தொகை தவறான எண்ணத்தைத் தருகிறது என்று அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையம் கண்டித்தும் பஸ் நிற்கவில்லை. நிபுணர் ஆகாது, ஆனால் கணக்குப் போட்ட மாதிரி ஒரு எண் மட்டும் வேண்டும்!

பிரிட்டனில் போனது பெரும்பாலும் காசு. தென்னாப்பிரிக்காவில் உயிர் போனது. அங்கே அதிபராக இருந்த தாபோ இம்பெக்கி, எச்ஐவி கிருமியால்தான் எய்ட்ஸ் வருகிறது என்பதையே சந்தேகித்தார். மருந்துகள் நஞ்சு என்ற பேச்சுக்கு இடம் கொடுத்தார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட் என்று பத்தியம் சொன்னார். இம்பெக்கி படிக்காதவர் இல்லை, இங்கிலாந்தில் பொருளாதாரம் படித்தவர். நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்கள் பட்ட அவமானம் அந்தப் பேச்சுக்கு உரம். காரணம் நியாயமானது, போன வழி தவறு. மருந்து உரிய நேரத்தில் கிடைக்காததால் 2000 முதல் 2005 வரை 3,30,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டார்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்.

உங்கள் மாமனார் கணக்குப்பிள்ளை. சிட்டையில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டவர். முதலாளியின் மச்சினனே வந்து "ஐந்நூறு ரூபாய் செலவு எழுதிக்குங்க" என்றாலும் துண்டுச் சீட்டு இல்லாமல் எழுதியிருக்கமாட்டார். கேட்கிறவன் நல்லவனா கெட்டவனா என்று பார்த்தா வவுச்சர் கேட்டார்? எல்லாரிடமும்தான் கேட்டார். அவரிடம் மைக்ரோபயாலஜி பேசுவதை விட்டுவிட்டுக் கணக்கு பேசுங்கள்.

ஆட்டிசம் கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். "மாமா, இந்தப் பேச்சு முதலில் எங்கே கிளம்பிச்சுன்னு பார்ப்போமா?" என்று கேளுங்கள். அது கிளம்பியது ஒரு நிபுணரிடமிருந்து! ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1998இல் லான்செட் என்ற பேர்பெற்ற மருத்துவ இதழில், வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை சேர்ந்த தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பத்திரிகையாளர் தோண்டியதில், தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட இருந்த வக்கீல் தரப்பிலிருந்து அவர் பணம் வாங்கியது வெளியே வந்தது. பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. 2010இல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவர் பெயர் டாக்டர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பன்னிரண்டு வருஷம் ஆனது வெட்கக்கேடுதான், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம், காசுக்கு விலைபோன டாக்டர் உண்டு என்று மாமா சொன்னது சரி, அது இந்த டாக்டர்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

"கம்பெனிக்காரன் காசு" என்பதற்கும் மல்லுக்கு நிற்காதீர்கள். மருந்துக் கம்பெனிகள் தர்ம சத்திரம் நடத்தவில்லை என்பது ஊரறிந்தது. இந்த ஊசியை அரசாங்கம் வாங்கி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறது, நாம் யாருக்கும் ஒரு பைசா தரப்போவதில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள்.

நிபுணர் என்றால் டெல்லி ஏசி ரூம் என்று அவர் நினைத்தால், காரைக்குடியிலேயே இருக்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) வாசலைக் காட்டுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய ஆய்வகம் அது. மண்டபம் கடற்கரையில் இரும்புத் தகடுகளை உப்புக்காற்றில் வைத்து, எது எவ்வளவு துருப்பிடிக்கிறது என்று வருஷக்கணக்கில் அளக்கிறவர்கள் அவர்கள். இரும்புக்கடைக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஊசிக்கு அவர் சம்மதம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ருபெல்லா முதல் தவணை, 16இலிருந்து 24 மாதத்துக்குள் இரண்டாவது. ஊசி போடாதவர்கள் நடுவில் ஒரே ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்பக்கூடியவர். 2017 பிப்ரவரியில் இதே ஊசியைப் பள்ளிக்கூடங்களில் போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியால் தமிழ்நாட்டில் பல பெற்றோர் தயங்கி, கெடுவையே நீட்டிக்க வேண்டியதானது. கணவரிடம் இதை ஃபோனில் முழுசாகச் சொல்லுங்கள். இது அப்பாவை எதிர்ப்பதில் சேராது என்பது அவருக்குப் புரிய வேண்டும். முடிந்தால் அன்றைக்கு மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அட்டையில் தேதியும் தவணையும் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்கிற வேலையை அவரிடம் கொடுங்கள். உங்கள் பேச்சைவிட, வீடு வீடாக வருகிற நர்ஸம்மாவின் பேச்சு அவரிடம் எடுபடும்.

இன்னொன்று. ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சில குழந்தைகளுக்கு லேசான காய்ச்சலோ சிறு தடிப்போ வரும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். இதை முன்கூட்டியே, காய்ச்சல் மருந்து அளவோடு சேர்த்து, நர்ஸம்மா வாயாலேயே அவருக்குச் சொல்ல வையுங்கள். சொல்லாமல் விட்டுக் காய்ச்சல் வந்தால், அன்று ராத்திரியே ஃபோன்காரர் ஜெயித்துவிடுவார்.